பட்டாளத்துக்காரர் வீட்டுக் கேள்விகள்

போன இதழில் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளைப் பற்றி நாலு வரி எழுதி, ‘உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போய் வந்த பெரியவர் இருந்தால் அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தேன். வந்ததில் பெரும்பாலானவை வடசென்னைக் கடிதங்கள். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, பெரம்பூர். பாதிப் பேர் கதை எழுதவில்லை, கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு. பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் யார் பெயரும் போடவில்லை, ஏரியா மட்டும்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா போன மாதம் 91 வயதில் காலமானார். 1955இல் பட்டாளத்தில் சேர்ந்து, மதராஸ் சாப்பர்ஸ் என்ற எஞ்சினியர் படையில் 20 வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். 62, 65, 71 மூன்று சண்டையும் பார்த்தவர். அப்புறம் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் வேலை. காரியம் முடிந்துவிட்டது. முதல் வருஷத் திதிக்குள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டு சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. சண்டையைப் பற்றி அவர் எங்களிடம் வாயே திறந்ததில்லை. ‘பங்களாதேஷ் சண்டைக்குப் போனவர்’ என்று தெருவில் சொல்வார்கள், அவ்வளவுதான் தெரியும். அடிபம்பில் சண்டை வராமல் இருக்க சாக்பீஸால் தரையில் நம்பர் போட்டு, குடங்களை வரிசையாக வைக்கச் சொன்னவர் என்பதுதான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவரைப் பற்றிய ஞாபகம். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், சில பதக்கங்கள், அம்மாவுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் ஒரு கட்டு இருக்கின்றன. புத்தகத்தில் ‘பஷ்சிமி ஸ்டார்’ என்று போட்டிருக்கிறது. 71இல் வந்த கடிதங்களில் ‘56 ஏபிஓ’ என்று இருக்கிறது. இதை வைத்து என்ன எழுதுவது? (கடைசி மகள், தண்டையார்பேட்டை)

பதில்: ஒன்றும் வரவில்லை என்று எழுதிவிட்டு, கீழேயே ஒரு பெட்டி நிறைய ஆதாரத்தை அடுக்கியிருக்கிறீர்களே அம்மா!

முதலில் தெருப் பேச்சைத் திருத்திவிடுவோம். உங்கள் அப்பா 71இல் இருந்தது பங்களாதேஷ் பக்கம் இல்லை. டிசம்பர் 3ஆம் தேதி மூண்ட அந்தச் சண்டை கிழக்கிலும் மேற்கிலும் ஒரே சமயத்தில் நடந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி உட்கார்ந்து கையெழுத்துப் போடும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பதால், 71 சண்டை என்றாலே பங்களாதேஷ் என்று ஆகிவிட்டது. ஆனால் மேற்கே பஞ்சாப், ஜம்மு, ராஜஸ்தான் எல்லைகளில் 17ஆம் தேதி இரவு வரை சண்டை ஓயவில்லை. கிழக்கே இருந்தவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். கடித முகவரியும் அதையேதான் சொல்கிறது. ஏபிஓ என்பது ஆர்மி போஸ்ட் ஆபீஸ். பட்டாளத் தபாலில் 56 ஏபிஓ என்றால் டெல்லி வழியாகப் போகிற கடிதம், 99 ஏபிஓ என்றால் கல்கத்தா வழியாகக் கிழக்கே போகிற கடிதம். பதக்கமும் தபாலும் ஒரே திசையைக் காட்டும்போது தெரு சொல்வதை விட்டுவிடலாம்.

பங்களாதேஷ் இல்லை என்றதும் உங்கள் அண்ணனுக்கு முகம் சுருங்கலாம். சுருங்க வேண்டாம். சாப்பர் என்பவர் முதலில் போகிற ஆள். பாலம் போடுவது, ரோடு போடுவது, எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தேடி எடுத்து மற்றவர்களுக்கு வழி திறப்பது, எல்லாம் அவர்கள் வேலை. 71இல் மேற்கே ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில், மதராஸ் சாப்பர்ஸின் 9ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கி நம் டாங்குகளுக்குப் பாதை போட்டது. அந்தப் பாதை இல்லாவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்த டாங்குச் சண்டை வேறு மாதிரி முடிந்திருக்கும். உடனே ‘பசந்தரில் போரிட்ட எங்கள் தந்தை’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் எந்த யூனிட்டில் இருந்தார் என்று முதலில் தெரிய வேண்டும். சாப்பர்ஸின் ரெக்கார்டு ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் சர்வீஸ் நம்பர், அவருடைய இறப்புச் சான்றிதழ் நகல், நீங்கள் மகள் என்பதற்கான அத்தாட்சி, இவற்றை வைத்து, எந்த வருஷம் எந்த யூனிட், எந்தெந்தப் பதக்கம் என்று கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வர நாளாகும். அதற்குள் மற்ற வேலையைப் பார்க்கலாம்.

மற்ற வேலை என்றால், உண்மையான வேலை அதுதான். அந்த இன்லேண்ட் லெட்டர்கள். சண்டை சமயத்தில் எழுதின கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, எழுத விட மாட்டார்கள். அதனால் சண்டைக் கதையை அதில் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். மணியார்டர் வந்து சேர்ந்ததா, பெரியவனுக்குச் சளி விட்டதா, மழைக்கு ஓடு மாற்றினீர்களா, இதுதான் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போடுங்கள். ஒரு பக்கத்தில் 71 டிசம்பரில் அவர் எழுதிய கடிதம், எதிர்ப் பக்கத்தில் அதே வாரத்தில் மேற்கு எல்லையில் நடந்தது என்ன என்று நாலு வரி. கண்ணிவெடி தேடுகிற கை அதே வாரத்தில் வீட்டுக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று விசாரித்து எழுதியிருக்கிறது என்றால், அதற்குமேல் நீங்கள் ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டியதில்லை.

அப்புறம் அம்மா. கடிதம் அம்மாவுக்கு வந்தது என்கிறீர்கள், அம்மா இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வாரமே போனில் ரெக்கார்டை ஆன் பண்ணிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ‘அப்பாவைப் பற்றிச் சொல்லும்மா’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்று சொல்லி முடித்துவிடுவார். சின்னதாகக் கேளுங்கள். மணியார்டர் எந்தத் தேதி வாக்கில் வரும், தபால்காரர் யார், லெட்டரை யார் படித்துக் காட்டினார்கள், பதில் யார் எழுதினார்கள், தந்தி என்று யாராவது கதவைத் தட்டியபோது எப்படி இருந்தது, லீவில் வந்தால் முதல் நாள் என்ன சமைப்பீர்கள், திரும்பிப் போகும்போது சென்ட்ரலுக்கு யாரெல்லாம் போவீர்கள். 1971இல் உங்கள் அம்மா கைக்குழந்தையோடு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்றால் அதுவும் அந்தச் சண்டையின் ஒரு பகுதிதான். புத்தகத்தில் அம்மா ஒரு போட்டோவில் மட்டும் வந்துவிட்டுப் போகக் கூடாது.

இன்னொன்று. 1955 முதல் 75 வரை பட்டாளம். அதற்குப் பிறகு 50 வருஷம் தண்டையார்பேட்டை. பெரும்பாலான நினைவுப் புத்தகங்களில் அந்த 20 வருஷத்துக்கு முப்பது பக்கம் போகும், இந்த 50 வருஷத்துக்கு ‘ஓய்வுக்குப் பின் அமைதியான வாழ்க்கை வாழ்ந்தார்’ என்று ஒரு வரி. வடசென்னையில் தண்ணீர் வரிசையில் நின்று, வங்கி வாசலில் நாள் முழுக்க நின்று, பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றுவது என்ன அமைதியான வாழ்க்கையா? சாக்பீஸ் நம்பர் கட்டாயம் வர வேண்டும். அது எந்த வருஷம், அப்போது லாரித் தண்ணீரா, பம்பு மட்டுமா, முதலில் யார் எதிர்த்தார்கள், நம்பரை அழித்துவிட்டு முன்னால் போனது யார் என்று தெருப் பெண்களிடம் கேட்டால் ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும். அந்த வரிசையைப் போட்ட ஆளும் கண்ணிவெடி வயலில் துணி கட்டிப் பாதைக்கு எல்லை குறித்த ஆளும் ஒருவர்தான். அதை நீங்கள் எழுதிக் காட்ட வேண்டாம், படிக்கிறவர்களுக்கே தெரியும்.

பெரிய பெரிய சொல் மட்டும் வேண்டாம். நம் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர்களில் யார் போனாலும் இமயம்தான் சரிகிறது, பட்டாளத்துக்காரர் என்றால் கூடவே ஒரு புலி. இந்த விஷயத்தில் சாவு வீட்டில் மரண கானா பாடுகிறவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பாட ஆரம்பிக்கும் முன்னால் வீட்டு ஆள் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, பெயர் என்ன, என்ன தொழில், பிள்ளைகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர், எப்படிப் போனார் என்று எல்லாம் வாங்கிக்கொண்டுதான் டோலக்கில் கை வைப்பார்கள். நீங்களும் அந்த வழியில் போங்கள். அவர் சண்டையைப் பற்றிப் பேசவில்லையா, ‘பேசவில்லை’ என்றே எழுதுங்கள். அந்த இடத்தைக் கற்பனையால் ரொப்பினால் புத்தகத்தைப் படிக்கும் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் சிரிப்பார்.

கடைசியாக, பதக்கங்களைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி தேய்க்காதீர்கள். விளிம்பிலோ பின்புறத்திலோ அவருடைய நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், தேய்ந்தால் போயே போச்சு. கடிதங்களுக்கு செலோடேப் ஒட்டுவதோ லாமினேஷன் போடுவதோ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு மடிப்பைப் பிரித்துக் காகித உறையில் வையுங்கள்.

கேள்வி: அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் டிஸ்சார்ஜ் புத்தகம் ஊறிப் பாழாகிவிட்டது. சர்வீஸ் நம்பரும் ஞாபகம் இல்லை. இனி எப்படி விவரம் வாங்குவது? (பெரம்பூர்)

பதில்: நம்பர் இன்னும் நாலு இடத்தில் இருக்கும். பென்ஷன் ஆர்டர், அதாவது பிபிஓ, கேன்டீன் கார்டு, இசிஎச்எஸ் மருத்துவ கார்டு, பதக்கத்தின் விளிம்பு. ஒன்றாவது தப்பியிருக்கும். பென்ஷன் வாங்கின வங்கிக் கிளையில் பிபிஓ நம்பரைக் கேட்டால்கூட அதை வைத்து மற்றதைப் பிடித்துவிடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்டு ஆபீஸ் நீலகிரியில் வெலிங்டனில். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் ஜபல்பூர், வண்டி, கருவிகளைப் பழுது பார்க்கும் இஎம்இ செகந்திராபாத், மருத்துவப் படை லக்னோ. விமானப் படைக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. பட்டாளம் என்று பொதுவாக டெல்லிக்கு எழுதிப் போட்டால் கடிதம் ஊர் ஊராகச் சுற்றும். முகவரி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள், எழுதியே கொடுப்பார்கள்.

கேள்வி: அப்பா போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. அம்மாவுக்கு 84 வயது. பட்டாளத்து ரெக்கார்டில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பிறந்த தேதியும் ஒத்து வரவில்லை. அப்பா பென்ஷன் வங்கியில் தானாக வந்துகொண்டிருக்கிறது, எடுத்துச் செலவு செய்துகொண்டிருக்கிறோம். தப்பில்லையே? (ராயபுரம்)

பதில்: தப்புதான், உடனே நிறுத்துங்கள். இறந்த நாளுக்குப் பிறகு அவர் கணக்கில் விழுந்த பென்ஷனை வங்கி திரும்பப் பிடிக்கும். மொத்தமாகப் பிடிக்கும்போது அம்மாவின் குடும்ப பென்ஷன் கணக்கில் கை வைப்பார்கள். இறப்புச் சான்றிதழோடு முதலில் வங்கிக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கும் தகவல் கொடுங்கள். பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஆன்லைன் பென்ஷன் முறைக்கு மாறியிருந்தால் அதிலும் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். சொந்தமாகச் செய்யத் தெரியாவிட்டால் பொதுச் சேவை மையத்திலோ தேனாம்பேட்டையில் உள்ள ராணுவக் கணக்கு அலுவலகமான சிடிஏவிலோ செய்துகொள்ளலாம்.

உங்கள் அப்பா வயதில் போனவர்களுக்குக் குடும்ப பென்ஷன் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கு. அதற்கு மேல் வயதுக்கு ஏற்றபடி கூடுதல் உண்டு. 80 வயது நிறைந்தால் 20 சதவீதம், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, 100 வயதானால் அதே அளவு இன்னொரு மடங்கு. அம்மாவுக்கு இப்போதே 20 சதவீதம் வர வேண்டும், அடுத்த வருஷம் 30. ஆனால் அந்தக் கூடுதல் எந்தப் பிறந்த தேதி பதிவாகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் கணக்காகும். அதனால் பெயரைத் திருத்தப் போகும்போதே தேதியையும் சேர்த்துத் திருத்துங்கள், இரண்டு தடவை அலையாதீர்கள். என்னென்ன அத்தாட்சி வேண்டும் என்று ரெக்கார்டு ஆபீசில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாசலில் நிற்கும் ஆள் சொல்வதைக் கேட்டு அஃபிடவிட்டுக்கு ஓடாதீர்கள். இசிஎச்எஸ் கார்டு அம்மாவுக்குத் தொடரும். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் மறக்க வேண்டாம்.

இதைப் படிக்கும் 80 தாண்டின பட்டாளத்து அப்பாமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மனைவி பெயர் ரெக்கார்டில் எப்படி இருக்கிறது என்று நீங்கள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள் சார். நீங்கள் ஒரு கையெழுத்தில் முடிப்பதற்கு அவர் பல மாதம் அலைய வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்க அப்பாவும் 65 சண்டைக்குப் போனவர்தான் அண்ணே. ஊருக்கு அவர் மிலிட்டரிக்காரர், எங்களுக்கு அடி. குடிச்சிட்டு வந்து பெல்ட்டால் அடிப்பார், அம்மாவையும்தான். இப்போது நினைவஞ்சலிக் கூட்டம் போடுகிறார்கள், மூத்த மகன் நான்தான் மேடையில் பேச வேண்டுமாம். என்ன பேசுவது? (காசிமேடு)

பதில்: பேச வேண்டும் என்று சட்டம் இல்லை தம்பி. ‘எனக்குப் பேச்சு வராது, மாமா பேசுவார்’ என்று ஒதுங்கிக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் உண்மையாக இருப்பதை மட்டும் பேசுங்கள். எந்த வருஷம் சேர்ந்தார், எங்கெல்லாம் இருந்தார், எந்த வருஷம் வந்தார், என்ன வேலை பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ‘அன்பே உருவானவர்’ என்று மைக்கில் சொன்னால், கீழே உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மா காதில் அது என்னவாக விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் சண்டையிலிருந்து திரும்பி வந்தவரிடம் ‘ராத்திரி தூக்கம் வருதாப்பா’ என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. கேன்டீன் ரம் மட்டும் மாதாமாதம் ஒழுங்காகக் கிடைத்தது. அதனால் அப்படி ஆனாரா, அதற்கு முன்னாலேயே அப்படித்தானா என்பது அவரை முன்பே அறிந்த அவருடைய அக்கா, தங்கைக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். தெரிந்துகொள்வது மனசுக்கு ஆகும், மன்னித்தே ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. சண்டைக்குப் போன எல்லோரும் வீட்டில் பெல்ட்டைக் கழற்றவில்லை, அதையும் மறக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். மிலிட்டரிக்காரர் என்பதும் நிஜம், அடித்தார் என்பதும் நிஜம், இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

கேள்வி: நாங்கள் பர்மாவிலிருந்து வந்த குடும்பம், 65இல் கப்பலில் வந்தோம். தாத்தா ‘நேதாஜி படையில் இருந்தார்’ என்பார் பாட்டி. ‘இல்லை, வெள்ளைக்காரன் பட்டாளம்’ என்பார் சித்தப்பா. இரண்டு பேரும் இப்போது இல்லை. எது சரி? (வியாசர்பாடி)

பதில்: ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். 1942 முதல் 45 வரை தாத்தா எங்கே இருந்தார்? 42 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. அதை ஒட்டி லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். உங்கள் தாத்தா அந்த நடையில் வந்தவர் என்றால், இங்கே பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்து, 45இல் பிரிட்டிஷாரின் பதினான்காவது ராணுவத்தோடு பர்மாவுக்கே திரும்பிப் போயிருக்கலாம். அப்போது சித்தப்பா சொல்வது சரி. நடக்காமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டவர் என்றால் பாட்டி சொல்வதற்கு இடம் அதிகம். 43 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பொறுப்பேற்ற பிறகு ஐஎன்ஏ என்ற இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா, பர்மாத் தமிழர்கள், அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள், ஏராளமாகச் சேர்ந்தார்கள். 44 தொடக்கத்தில் தலைமையிடமே ரங்கூனுக்கு வந்துவிட்டது.

வீட்டில் பர்மா ஸ்டார் என்ற பதக்கம் இருந்தால் அது பிரிட்டிஷ் பக்கம். விடுதலைப் போராட்ட வீரர் பென்ஷன் காகிதமோ 1972இல் கொடுத்த தாமிரப் பட்டயமோ இருந்தால் ஐஎன்ஏ பக்கம். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஎன்ஏ ஆவணங்கள் இருக்கின்றன, பெயரும் ஊரும் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடிச் சோர்ந்து போகாதீர்கள். நந்தம்பாக்கம் கல்லறையைப் பராமரிப்பவர்கள் அவர்கள்தான், ஆனால் அவர்களிடம் இருப்பது போர்க்காலத்தில் இறந்தவர்களின் பெயர் மட்டும். உங்கள் தாத்தா உயிரோடு வந்து வியாசர்பாடியில் குடும்பம் நடத்தியவர்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இரண்டு படையிலும் இல்லாமல், சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் உண்டு. அங்கே இருந்தவர்களில் பலர் அதைப் பற்றிப் பேசவே விரும்பாமல், ‘படையில் இருந்தேன்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டிருக்கலாம். பாட்டியும் சித்தப்பாவும் ஆளுக்கு ஒன்று சொன்னதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ரங்கூனில் பழகி வந்த பழைய குடும்பங்கள் உங்கள் காலனியில் இன்னும் இருக்கும், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைப் பெரியவரில் தொடங்கி விசாரியுங்கள்.

கேள்வி: பெரியப்பா உடல் மீது போர்த்த மைத்துனர் கடையில் தேசியக் கொடி வாங்கி வந்தார். ‘அப்படிப் போடக் கூடாது’ என்று ஒருவர் சொல்ல, சாவு வீட்டில் கைகலப்பு ஆகிவிட்டது. யார் சொன்னது சரி? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கூடாது என்று சொன்னவர்தான் சரி, சொன்ன நேரம்தான் சரியில்லை. அரசு மரியாதை, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு தவிர வேறு எதற்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்த விதியில் இடமில்லை, சட்டப்படி அது அவமதிப்பு. அப்படிப் போர்த்தும்போதும் காவி நிறம் தலைப் பக்கம் வர வேண்டும், கொடியோடு புதைக்கவோ எரிக்கவோ கூடாது, முன்பே எடுத்துவிட வேண்டும். முன்னாள் படைவீரர் இறந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அன்றைக்கே போன் செய்து என்ன மரியாதை உண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது. அந்த நம்பரை வீட்டில் யாராவது ஒருவர் போனில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா தினமும் ராத்திரி ஒரே ஒரு பெக் கேன்டீன் ரம், வெந்நீர் கலந்து. ஒரு சொட்டுக் கூடாது, குறையாது. முப்பதாம் நாள் படையலில் அதை வைக்கலாமா என்று வீட்டில் இரண்டு கட்சி. (கொருக்குப்பேட்டை)

பதில்: சுருட்டும் கருவாட்டுக் குழம்பும் வைக்கிற படையலில் ரம்முக்கு மட்டும் என்ன தீட்டு? வையுங்கள், அவர் அளவிலேயே வையுங்கள். வெந்நீரை மறக்க வேண்டாம். படையல் முடிந்ததும் மீதி பாட்டில் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் அடுத்த சண்டை வரும், அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா ஆர்மியில் ஏஎஸ்சி டிரைவர். அவர் யாரையாவது சுட்டிருப்பாரா? வீட்டில் கேட்டால் ‘போய்ப் படி’ என்கிறார்கள். (ஏழாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்)

பதில்: சுட்டிருக்கலாம், சுடாமலும் இருந்திருக்கலாம் தம்பி. எல்லோருக்கும் துப்பாக்கிப் பயிற்சி உண்டு. ஆனால் ஏஎஸ்சி என்பது பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகும் படை; அதன் டிரைவரின் வேலை முன்னால் நிற்கிறவர்களுக்கு அரிசி, மாவு, டீசல், குண்டு எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மலைப் பாதையில், ராத்திரியில், எதிரி விமானம் பார்த்துவிடக் கூடாது என்று விளக்கை மறைத்து ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு லாரி வராவிட்டால் அன்றைக்கு ஒரு படைப் பிரிவுக்கே சாப்பாடு இல்லை. அந்தக் காலத்தில் பட்டாளத்தில் அதிகம் ஓடியது ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரி (டிவி சக்திமான் இல்லை). பாட்டியிடம் ‘சுட்டாரா’ என்று கேட்காதே, ‘தாத்தா என்ன லாரி ஓட்டினார், லீவில் வரும்போது எங்கே எங்கே போனதாகச் சொன்னார்’ என்று கேள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. நன்றாக இருந்தால் அடுத்த இதழில் போடுகிறேன், ‘போய்ப் படி’ என்று சொன்னவர்களும் படிக்கட்டும்.